உள்ளே மடித்த இரண்டு இஞ்சு

கஞ்சி போகாத புதுத்துணியின் வாசனை மூக்கில் ஏறினால் போதும், சிங்காநல்லூரில் எங்கள் தெருமுனையில் இருந்த தையல் கடையும், அங்கே அளவு கொடுக்க ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு நின்ற நாங்கள் மூன்று பேரும் கண்முன் வந்துவிடுகிறோம்.

நான், மில் தொழிலாளியின் மகன் துரைசாமி, தையல்காரர் மகன் அன்வர். மூவரும் ஒரே வகுப்பு. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்கள் அம்மாக்களுக்குள் ஓர் ஏற்பாடு இருந்தது: தீபாவளியோ ரம்ஜானோ, ஒரே "தான்" துணியில், அதாவது ஒரே சுருளில், வெட்டித்தான் மூவருக்கும் சட்டையும் டவுசரும். தெருவே எங்களை "பேண்டு செட்டு" என்று கேலி பேசும். எங்களுக்கோ அதில் தலைகால் புரியாத பெருமை. நாங்கள் "பாய் மாமா" என்று கூப்பிட்ட அன்வரின் அப்பா ஒவ்வொரு முறையும், "வளர்ற பசங்க அம்மணி, உள்ள ரெண்டு இஞ்சு மடிச்சு உட்டிருக்கறனுங்க, பத்தலைன்னா பிரிச்சுக்கலாம்" என்பார். அடுத்த ஆண்டு மடிப்பைப் பிரித்ததும், வெளுத்த டவுசரின் அடியில் வெளுக்காத பட்டை ஒன்று தெரியும். யாருக்கு அகலமான பட்டை என்று ஒட்டி நின்று பார்ப்போம். எப்போதும் துரைசாமிதான் ஜெயிப்பான்.

பன்னிரண்டாம் வகுப்பில் இருந்தபோது கோவையில் கலவரம் மூண்டது. பாய் மாமாவின் கடையைக் கொளுத்தினார்கள். தையல் மிஷின்கூட மிஞ்சவில்லை. அதன் பின்னாலேயே வந்த குண்டுவெடிப்பில், டவுனுக்கு வேலைக்குப் போன துரைசாமியின் அண்ணனுக்கு ஒரு கால் போயிற்று. கொளுத்தியவன் துரைசாமி அல்ல, காலை எடுத்தவன் அன்வரும் அல்ல. ஆனாலும் அன்வர் குடும்பம் உக்கடம் பக்கம் குடிபோன பிறகு, இருவரும் ஒருவர் பெயரை ஒருவர் சொன்னதே இல்லை. வயது ஏறினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நடுவில் நின்ற நான் நம்பினேன். எவ்வளவு பெரிய முட்டாள்தனம்!

போன ஆவணியில் புது வீட்டுக்குப் பால் காய்ச்சினேன். அன்றைக்கு ஒருநாளாவது மூவரையும் ஒரே துணியில் பார்த்துவிட வேண்டும் என்று ஆசை. துணி எடுத்துக்கொண்டு, அப்பாவின் தொழிலையே செய்துவந்த அன்வரிடம் போனேன். வெகுநேரம் துணியைத் தடவிக்கொண்டிருந்தவன், "அவன் அளவு?" என்றான். தெரியாது என்றேன்.

"சரி உடு, நான் பாத்துக்கறேன்."

தைத்து முடித்து இரண்டு சட்டைகளைக் கொடுக்கும்போது ஒன்றை மட்டும் தனியே எடுத்து, "இன்னேரம் தொப்பை போட்டிருப்பான். ரெண்டு இஞ்சு உள்ள புடிச்சு உட்டிருக்கறேன், பத்தலைன்னா பிரிச்சுக்கச் சொல்லு" என்றான். அன்று மாலையே அதைத் துரைசாமியிடம் கொண்டுபோனேன்.

துரைசாமிக்குத் தொப்பையே இல்லை. ஆள் வற்றிப் போயிருந்தான். சட்டையை வாங்கி உள்பக்கம் திருப்பினான். மடிப்பைப் பார்த்ததுமே தைத்தது யார் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. ஒரு நிமிடம் அதை விரலால் நீவிவிட்டு என் கையிலேயே திருப்பி வைத்தான்.

"எங்கண்ணன் ஊட்டுல உக்காந்திருக்கறான்டா. இதைப் போட்டுக்கிட்டு அவன் முன்னால எப்படி நிக்கறது?"

அவன்மேல் கோபப்படக்கூட எனக்கு வழியில்லை.

பால் காய்ச்சிய அன்று அன்வர் அதே துணியில் தைத்த தன் சட்டையில் வந்தான். கடைசிப் பந்திவரை வாசலையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, "அவனுக்குச் சட்டை பத்துச்சா?" என்று கேட்டான்.

"கச்சிதமா இருந்துச்சு" என்றேன்.

தலையாட்டிவிட்டு "வாரேன்" என்று போனான். மறுபடி வரவில்லை. தையல் கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை இருக்கிறது, மில்லையும் மூடியாயிற்று. துரைசாமியின் சட்டை மட்டும் என் பீரோவில், பிரிக்காத மடிப்போடு தொங்குகிறது.