இஸ்திரிக் காய்ச்சல்

தையல்காரருக்குப் பொறாமைப்பட ஆள்கூட வேண்டாம். பக்கத்து வீட்டுப் பூனையை மனைவி தடவிக்கொடுத்தாலே முகம் தொங்கிவிடும். அப்படிப்பட்ட மனுஷனுக்குக் கண்ணுக்கே தெரியாத போட்டி வாய்த்தால் என்ன ஆவார், சொல்லுங்கள்!

அவளுக்கு ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை. தட்டுகளில் உயிரணுக்களை வளர்ப்பாள். தினமும் பழைய திரவத்தை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதாக ஊற்ற வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகூட, "பிள்ளைங்க பட்டினி கெடக்கும்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு ஓடுவாள். இங்கே ஒருத்தர் ஆறிப்போன சோற்றைத் தானே போட்டுத் தின்கிறாரே, அது பட்டினி இல்லையா?

ஒரு சனிக்கிழமை தையல்காரர் துணிந்துவிட்டார். கடையில் இஸ்திரி போட்ட துணியைச் சூடு ஆறுமுன் நெற்றியில் அழுத்திக்கொண்டு, வீட்டுக்குள் வந்து காய்ச்சல் என்று படுத்தார். அவள் இரண்டு நாளும் நகரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, "மெதுவா, மெதுவா" என்று கஞ்சி ஊட்டினாள். அடடா, மனுஷனுக்குக் கால் தரையில் பாவவில்லை.

திங்கட்கிழமை காய்ச்சல் பறந்துவிட்டது. எதிரியின் கதியைப் பார்க்கத் துணைக்கு வருவதுபோல் அவரும் ஆராய்ச்சிக்கூடத்துக்குக் கூடவே போனார். நுண்ணோக்கியில் கண்ணை வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"என்னம்மா ஆச்சு?"

"பட்டினியில தன்னையே தின்னிருக்குங்க. மொதல்ல உள்ள கெடக்கற பழசு, ஒடஞ்சதைத் தின்னு உயிரைப் புடிச்சுக்கும். அதுக்குள்ள சாப்பாடு வந்தா தேறிடும். வரலைன்னா செத்துடும். மாசக்கணக்கா வளத்தேங்க, முக்கால்வாசி போச்சு."

அவள் கண்ணைத் துடைத்தாள். தையல்காரருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நான் காய்ச்சல்ல கெடந்தப்போ ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டியா?"

"உங்களுக்குத்தான் காய்ச்சலே இல்லையே. நெத்தியில இஸ்திரி வாசனை அடிச்சுது."

அவர் நெற்றியைத் தடவிப் பார்த்தார். "தெரிஞ்சுமா பக்கத்துலயே இருந்தே?"

"இதுங்களுக்கு வாயில்ல. உங்களுக்கு வாயிருந்தும் கேக்கத் தெரியல. நான் யாரைப் பாக்கறது?"

தட்டின் ஓரத்தில் கொஞ்சம் உயிரோடு இருந்தன. அவள் புதுத் திரவத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டாள். "மெதுவா, மெதுவா" என்றாள். கஞ்சி ஊட்டிய அதே குரல். அந்தக் குரலிலும் பங்கா என்று தையல்காரருக்கு வயிறு எரிந்தது.

ஆனாலும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் செருப்பை எடுத்து வாசலில் வைத்தவர் அவர்தான்.

"கெளம்பு, பட்டினி கெடக்கும்," என்றார். பிறகு, "சீக்கிரம் வந்துடு. நானும் சாப்பிடல," என்று வாய்விட்டே கேட்டார்.