சாப்பிடாமல் ஏறிய சர்க்கரை

சிசேரியன் முடிந்த மறுநாள் காலை, செங்கல்பட்டில் ஒரு நர்சிங் ஹோமில், என் ரத்தத்தில் சர்க்கரை ஏறியிருந்தது. அதற்கு முன் எனக்குச் சர்க்கரையே இருந்ததில்லை. இப்படியே போனால் தையல் ஆறாது, சீழ் பிடிக்கும் என்ற டாக்டரம்மா, என் அம்மாவைப் பார்த்தார்.

"ட்ரிப்ஸ்ல வெறும் உப்புத் தண்ணிதான் ஏறுது. நீங்க குளுக்கோஸ் ஏதாவது கரைச்சுக் குடுத்தீங்களா?"

தென்காசியிலிருந்து ரயிலேறி வந்திருந்த அம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "பச்சைத் தண்ணிகூடக் கொடுக்கல. வேணும்னா இந்தப் பிள்ள மேல..." தொட்டிலை நோக்கி அவள் கை நீண்டது.

"சத்தியம் பண்ணாதம்மா!" என்று கத்தினேன். பொய்யோ மெய்யோ, பச்சைக் குழந்தை தலையில் சத்தியம் கூடாது என்று சொல்லி வளர்த்தவளே அவள்தான். கத்தியதில் வயிறு பிளந்ததுபோல் வலித்தது. கட்டில் கம்பியை இறுகப் பிடித்தேன்.

டாக்டரம்மா என் பிடியைக் கவனித்துவிட்டு நர்ஸிடம் திரும்பினார். "வலிக்கு ஊசி போட்டாச்சா?"

"நேத்துலேர்ந்து வேணாங்கிறாங்க மேடம். மருந்து பால்ல இறங்கிடுமாம்."

பக்கத்துக் கட்டிலில் கருத்தடை ஆபரேஷன் முடிந்து படுத்திருந்த புதுப்பட்டினத்து மீன்காரப் பெண் சிரித்தாள். "நானும் பாத்துகினுதான் கீறேன். பல்லக் கடிச்சிகினு கெடந்தா மெடலா குடுக்கப் போறாங்கோ?"

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "ஆபரேஷனுக்கே சர்க்கரை கொஞ்சம் ஏறும். வலியையும் அடக்கி வெச்சா, உடம்பு ஏதோ ஆபத்துன்னு பயந்து, சேர்த்து வெச்ச சர்க்கரையை எல்லாம் ரத்தத்துல அவுத்து விட்டுடும். அதுக்கு நீ எதையும் சாப்பிட்டிருக்கணும்னு இல்ல." இந்த மருந்து பாலில் போவது மிகக் கொஞ்சம், குழந்தையை ஒன்றும் செய்யாது என்றும் சொன்னார்.

நம்பலாமா? படித்தவள்தான் நான். ஆனால் படித்ததில் எதுவும் அப்போது உதவவில்லை. அம்மா இன்னும் தொட்டிலருகே அசையாமல் நின்றாள்.

"போடுங்க" என்றேன்.

பால் குடித்த குழந்தை தூங்கிப்போனான். மருந்துத் தூக்கமோ என்று பாதத்தைச் சுண்டினேன். சிணுங்கினான். சற்றுப் பொறுத்து மறுபடியும் சுண்டினேன்.

"பொறந்த புள்ள தூங்காம இன்னா டான்ஸா ஆடும்? சும்மா வுடும்மா!" என்றாள் பக்கத்துக் கட்டில்காரி.

சாயங்காலம் நர்ஸ் விரலில் குத்திப் பார்த்தாள். சர்க்கரை இறங்கியிருந்தது. எனக்கு மூச்சு வந்தது. அம்மாவோ எழுந்து நின்றாள்.

"டாக்டரம்மாவ வரச் சொல்லுங்க."

"அவங்களுக்குச் சொல்லிடறேம்மா."

"அது போதாது. எல்லார் முன்னாலயும் கேட்டாங்கல்லா? நான் ஒண்ணும் கொடுக்கலன்னு எல்லார் முன்னாலயும் வந்து சொல்லட்டும்."