ஊமை ஆர்கன்

கல்லூரியில் சேர்ந்து ஒன்றரை வருடம் ஆகியும் வகுப்பில் யாரும் என்னிடம் வலிய வந்து பேசியதில்லை. ஒதுக்கினார்கள் என்று சொல்ல முடியாது. நான் இருப்பது அவர்கள் கவனத்தில் இல்லை, அவ்வளவுதான். அப்பாவுக்கு டெல்லிக்கு மாற்றலாகி நாங்கள் திருநெல்வேலியிலிருந்து வந்தபோது எனக்குப் பதினைந்து வயது. மந்திர் மார்க் தமிழ்ப் பள்ளியில் தமிழிலேயே பேசிப் படித்து முடித்துவிட்டேன். அங்கே இருந்த தோழிகள் ஆளுக்கொரு கல்லூரிக்குப் போனார்கள். நான் மட்டும் பல்கலைக்கழக வளாகத்துக்குத் தினமும் இரண்டு பஸ் மாறி வந்துகொண்டிருந்தேன். என் இந்தி காய்கறி வாங்கப் போதும், கேலிக்குப் பதில் சொல்லப் போதாது. அதனால் பேசாமலிருக்கப் பழகிக்கொண்டேன்.

ஒரு நாள் கேன்டீனில் பக்கத்து மேசையில் பலத்த விவாதம். மாணவர் சங்கம் நடத்தும் பேண்டு போட்டிக்கு எங்கள் கல்லூரிப் பையன்கள் ஒரு குழு சேர்த்திருந்தார்கள். பாடுகிறவன் இருந்தான், கிட்டார்கள் இருந்தன, டிரம்ஸ் இருந்தது. ஆர்கன் வாசிக்க ஆள் இல்லை.

"எனக்கு வாசிக்கத் தெரியும்" என்று ஒரு குரல் கேட்டது. அது என் குரல் என்று புரிய எனக்கே ஒரு நொடி ஆயிற்று.

பாடுகிறவன் திரும்பிப் பார்த்தான். உயரமான பையன், ராணுவ அதிகாரியின் மகன். "எங்கே வாசிப்பாய்?" என்று ஆங்கிலத்தில் கேட்டான்.

"சர்ச்சில். ஞாயிற்றுக்கிழமை."

யாரோ சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. "அச்சா, நாளைக்கு வந்து வாசித்துக் காட்டு" என்றான்.

அவன் வீட்டுக் கார் ஷெட்டில்தான் ஒத்திகை. வாடகைக்கு எடுத்த மின்சார ஆர்கன் ஒன்று அங்கே இருந்தது. சர்ச்சில் காலால் மிதித்துக் காற்றடித்தே பழகிய எனக்கு, தொட்டதும் சத்தம் வருவது முதலில் கூச்சமாக இருந்தது. பாட்டு அவனே எழுதியது, மழையைப் பற்றி. தொடக்கத்தில் ஆர்கன் மட்டும் தனியாக வரவேண்டும் என்று தீர்மானித்தார்கள். அந்தப் பகுதியை நானே அமைத்தேன். முதல் தடவை வாசித்து முடித்ததும் டிரம்ஸ்காரன் குச்சிகளைத் தட்டி, "வாஹ், கியா பாத் ஹை!" என்று பாராட்டினான். அன்று பஸ்ஸில் எங்கள் வீடு இருக்கும் சரோஜினி நகர் வரை நின்றுகொண்டே வந்தேன், கால் வலித்ததே தெரியவில்லை.

அவர்களுக்கு என் பெயர் வாயில் நுழையவில்லை. 'ஆர்கன்' என்றே கூப்பிட்டார்கள். ஆர்கன், டீ குடி. ஆர்கன், அந்த இடத்தை இன்னொரு தடவை. எனக்கு அது பிடித்திருந்தது. அந்தச் சில வாரங்கள், காலையில் எழுந்ததும் போய்ச் சேர ஓர் இடம் இருக்கிறது என்ற நினைப்பிலேயே ஓடின.

அம்மா அரசு மருத்துவமனையில் நர்ஸ். போட்டியன்று அவளுக்கு இரவு டியூட்டி. மாற்றிக்கொள்ளப் பார்த்தாள், கிடைக்கவில்லை. அப்பாதான் கூட வந்தார். அவருக்குச் சத்தம் ஆகாது. வீட்டில் ரேடியோவைக்கூடக் காதை வைத்துக் கேட்கும் அளவுக்குக் குறைத்துத்தான் வைப்பார். பிப்ரவரிக் குளிருக்கு ஆபீஸ் கோட்டும் கழுத்தில் மஃப்ளருமாக அந்த அரங்கத்தின் கடைசி வரிசைக்கு முன்வரிசையில் போய் உட்கார்ந்தார். சுற்றிலும் பையன்கள் நாற்காலி மேல் ஏறி நின்று ஊளையிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"நீ போம்மா. நான் இங்கனயே இருக்கேன்" என்றார்.

எங்களுக்கு முன்னால் பாடிய குழு நிதானமான பாட்டு ஒன்றை எடுத்தது. கூட்டம் அவர்களை முடிக்கவிடவில்லை. கைதட்டியே விரட்டியது. மேடையின் ஓரத்தில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்த எங்கள் பாட்டுக்காரனின் முகம் வெளுத்துவிட்டது. எங்கள் முறை வந்ததும் அவன் திரும்பி, "ஆரம்ப ஆர்கன் வேண்டாம். நேராக டிரம்ஸோடு போய்விடலாம். இல்லாவிட்டால் நம்மையும் தீர்த்துவிடுவார்கள்" என்றான்.

யாரும் என்னைப் பார்க்கவில்லை. அவன் சொன்னது சரியாகவே இருந்தது. அந்தக் கூட்டத்துக்கு முன்னால் மெதுவான ஆர்கன் நிற்காது. ஆனால் விரல்கள் அந்தத் தொடக்கத்துக்காகவே தயாராகி வந்திருந்தன. அவற்றை வேறு சுரங்களுக்கு நகர்த்திக்கொண்டு காத்திருந்தேன்.

டிரம்ஸ் அதிர்ந்தது. கூட்டம் எழுந்து ஆடியது. முதல் சரணம் வரை நான் வாசித்தது எனக்குக் கேட்டது. பிறகு கேட்கவில்லை. டிரம்ஸ் பக்கத்திலேயே இருப்பதால் அமுங்கிப் போகிறது என்று நினைத்து இன்னும் அழுத்தினேன். அப்போதுதான் ஆர்கனின் மூலையில் எரியும் சிவப்பு விளக்கு அணைந்திருப்பதைக் கண்டேன். மேடைக்குப் பின்னால் யாரோ பிளக்கைப் பிடுங்கியிருக்க வேண்டும், அல்லது யார் காலாவது ஒயரில் தடுக்கியிருக்க வேண்டும்.

பாடுகிறவன் எனக்கு முதுகைக் காட்டி ஆடிக்கொண்டிருந்தான். டிரம்ஸ்காரன் கண்ணை மூடியிருந்தான். கூப்பிட்டேன். என் குரல் எனக்கே எட்டவில்லை. எழுந்து போய் ஒயரைப் பார்க்கலாமா என்று தோன்றியது. பாட்டின் நடுவில், அத்தனை பேருக்கு முன்னால், தரையில் குனிந்து தேடும் பெண்ணாக என்னை நினைத்துப் பார்த்தேன். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கவும் முடியவில்லை. கடைசி வரிசைக்கு முன்னால் அப்பா இருந்தார்.

அதனால் வாசித்தேன். ஒரு சுரம்கூட விடாமல் வாசித்தேன். கட்டைகள் கீழே போய் மேலே வரும் டொக் டொக் ஓசையை விரல்களில்தான் உணர முடிந்தது. ஒத்திகையில் செய்ததுபோலத் தாளத்துக்குத் தலையைக்கூட ஆட்டினேன். பாட்டு முடிந்தபோது அரங்கம் இடிந்து விழுவதுபோலக் கைதட்டினார்கள். எல்லோரோடும் சேர்ந்து நானும் தலைகுனிந்தேன்.

இரண்டாவது பரிசு எங்களுக்கு. பையன்கள் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு குதித்தார்கள். என்னிடம் வந்து வரிசையாகக் கை குலுக்கினார்கள். "ஆர்கன், கமால் கர் தியா!" என்றான் டிரம்ஸ்காரன், அசத்திவிட்டாய் என்று. அவன் பொய் சொல்லவில்லை. முகம் முழுக்க அவ்வளவு சந்தோஷம்.

எல்லோரும் டாபாவுக்குச் சாப்பிடக் கிளம்பினார்கள். பாடுகிறவன் அப்பாவிடம் வந்து, "அங்கிள், நீங்களும் வாங்க" என்று மரியாதையாகத்தான் அழைத்தான்.

"நோ, நோ. பஸ் போயிரும்" என்றார் அப்பா.

பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. அப்பா காதைத் தேய்த்துவிட்டுக்கொண்டே வந்தார். எங்கள் நிறுத்தம் நெருங்கும்போதுதான் பேசினார்.

"நல்லா வாசிச்சம்மா."

நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அந்தப் பயலுவ போட்ட சத்தத்துல உன்னோடது கொஞ்சம் கம்மியாத்தான் கேட்டுச்சு" என்றார்.

கொஞ்சம் கம்மி. என்னை நோகடிக்காமலிருக்க அப்படிச் சொன்னாரா, உண்மையிலேயே ஏதோ கேட்டதாக நினைத்தாரா என்று தெரியவில்லை. நான் விசாரித்திருந்தால் சொல்லியிருப்பார். விசாரிக்கவில்லை. ஆமாப்பா என்று மட்டும் சொன்னேன்.

திங்கட்கிழமை கேன்டீனில் அவர்களோடு உட்கார்ந்தேன். மனதுக்குள் வைத்துக்கொள்ள முடியாமல், முதல் சரணத்துக்குப் பிறகு ஆர்கனுக்குக் கரண்டே இல்லை என்று சொன்னேன். பாடுகிறவன் டிரம்ஸ்காரனைப் பார்த்தான். "உனக்குத் தெரியுமா?" "எனக்கென்ன தெரியும்!"

பிறகு அவன் மேசையைத் தட்டிச் சிரித்தான். "அரே, அப்படியென்றால் ஆர்கன் இல்லாமலே இரண்டாவது பரிசா!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதில் குத்தல் எதுவும் இல்லை. என் தோளில் தட்டி எனக்கு ஒரு சமோசாகூட வாங்கிக் கொடுத்தார்கள். அடுத்த போட்டியைப் பற்றிப் பேச்சு போயிற்று. அதில் டிரம்பெட் சேர்த்தால் நன்றாக இருக்கும் என்று ஒருவன் சொன்னான். எழுந்து வகுப்புக்குப் போனேன். அவர்கள் என்னை வரவேண்டாம் என்று சொல்லவில்லை. வா என்றும் பிறகு யாரும் சொல்லவில்லை. தாழ்வாரத்தில் எதிரே பார்த்தால், "ஹாய் ஆர்கன்" என்பார்கள். படிப்பு முடியும்வரை அது மட்டும் இருந்தது.

போட்டிக்குப் பிறகு அந்த வாரம் முழுக்க அம்மாவுக்கு இரவு டியூட்டி. எங்கள் இருவருக்கும் நேரம் அமையவில்லை. ஞாயிற்றுக்கிழமை மருத்துவமனையிலிருந்து நேராகச் சர்ச்சுக்கு வந்துவிட்டாள். நான் ஆராதனைக்கு வெகுநேரம் முன்பே போயிருந்தேன். பெஞ்சுகள் காலியாக இருந்தன. வெள்ளைப் புடவைக்கு மேல் நீலக் கார்டிகனோடு முன்வரிசையில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றிவிட்டாள்.

"ஏட்டி, அன்னைக்கு வாசிச்சத எனக்கு வாசிச்சுக் காட்டு. நான்தான் கேக்கலையே."

வாசித்தேன். அவர்கள் வேண்டாம் என்ற தொடக்கத்தையும் சேர்த்தே வாசித்தேன். அது முடிந்து பாட்டுக்குள் போனதும், டிரம்ஸும் குரலும் இல்லாமல், என் பகுதி எவ்வளவு வெறுமையாக இருக்கிறது என்பது எனக்கு முதல்முறையாகக் கேட்டது. நீளமான சுரங்கள், இடைவெளி, மறுபடியும் நீளமான சுரங்கள். யாரோ வந்து பாடப்போகிறார்கள் என்பதுபோல அது காத்துக்கொண்டே இருந்தது.

அம்மா பொறுமையாகக் கேட்டாள். கொஞ்ச நேரம் கழித்து, "பாட்டு எப்ப வரும்?" என்றாள்.

"பாட்டு அந்தப் பையங்க பாடுவாங்கம்மா. நான் கூட வாசிக்கிறது மட்டுந்தான்."

அம்மா தலையை ஆட்டினாள். இரவெல்லாம் விழித்திருந்த கண்கள் சிவந்திருந்தன. பெஞ்சில் சாய்ந்து கண்களை மூடிக்கொண்டு, "மொதல்ல வாசிச்சியே, அத மட்டும் இன்னொருக்கா வாசி" என்றாள்.

கால்களால் மிதித்துக் காற்றை நிரப்பிக்கொண்டு மறுபடியும் தொடங்கினேன்.