அவள் வாங்கிய ஃபவுல்கள்

மூன்று பாயிண்ட் கோட்டுக்கு வெளியே நின்று பந்தைக் கூடைக்குள் எறிவது எனக்குப் பள்ளி நாளிலேயே வந்துவிட்டது. யாரும் பெரிதாகச் சொல்லித் தந்ததில்லை. பந்து கையை விட்டுப் போகும்போதே விழுமா விழாதா என்று தெரியும். அதைப் போலவே, எதிரணிக்காரி ஒருத்தி பந்தைத் தட்டிக்கொண்டு என் எதிரே வந்தால், அவள் என்னைத் தாண்டிப் போய்விடுவாள் என்பதும் முன்னாலேயே தெரியும். இந்த இரண்டாவதை நான் வெகுநாள் யாரிடமும் சொல்லவில்லை.

ஆறு வருஷமாகப் பந்தைத் தொடாமல் இருந்தேன். கல்யாணம், பிள்ளைப்பேறு, நெய்யாற்றின்கரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுக்கிற வேலை. வீடு பாறசாலைப் பக்கம். அப்போதுதான் கல்லூரியில் என்னோடு ஆடிய தோழி கூப்பிட்டாள். அவள் பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. அதியன்னூர் பக்கத்தில் சர்ச் மைதானத்தில் இருக்கும் மகளிர் பாஸ்கெட்பால் கிளப்புக்கு அவள்தான் கோச்.

"எட்டி, ஒரு வருஷத்துல எனக்கு அஞ்சு பேரு போயாச்சு. ரெண்டு பேரு நர்ஸ் வேலைக்கு அயர்லாந்து. ஒருத்தி போலீஸ் டீமு. மற்றவளுவ கல்யாணம். இப்போ உள்ளதெல்லாம் சின்னப் பிள்ளைய. ஆடுன எல்லா மேட்ச்சும் தோத்தாச்சு. நீ வாறியா?"

"எனக்கு முப்பத்திநாலு வயசாக்கும். கொச்சுப் பிள்ளை உண்டு. டியூட்டி உண்டு."

"ஓடண்டாம். நின்னு எறிஞ்சா போதும்."

அந்த ஒரு வார்த்தையில் நான் விழுந்தேன். ஓட வேண்டாம், எறிந்தால் போதும். என்னிடம் இருப்பதை மட்டும் கேட்கிறாள், இல்லாததைக் கேட்கவில்லை. வேறென்ன வேண்டும்? மகளை வீட்டுக்காரரிடம் விட்டுவிட்டு, சாயங்கால டியூட்டி இல்லாத நாட்களில் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு அமரவிளை வழியாகப் போகத் தொடங்கினேன்.

அணியில் இருந்தவர்கள் எல்லோருக்கும் பத்தொன்பது, இருபது வயது. அவர்களில் ஒருத்தி கள்ளிக்காட்டிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவாள். டிகிரி கடைசி வருஷம். உயரம் அதிகமில்லை, ஆனால் தோளும் தொடையும் நல்ல உறுதி. கூடைக்குக் கீழே அவள் நின்றால் பார்க்கவே தைரியமாக இருக்கும். வீட்டில் மலையாளம், என்னிடம் தமிழும் மலையாளமும் கலந்து பேசுவாள். முதல் நாளே என்னிடம் வந்து, "சேச்சி, நம்மை ஒருத்தி தாண்டிப் போனா 'ஹெல்ப்'னு ஒண்ணு விளிச்சாப் போதும். நான் வாறேன்" என்றாள்.

அவள் சொன்னதன் பொருள் இதுதான். நான் மறிக்க வேண்டிய எதிராளி என்னைத் தாண்டி உள்ளே போனால், கூடைக்குக் கீழே நிற்கிற அவள் தன் ஆளை விட்டுவிட்டு ஓடிவந்து மறிப்பாள். ஓட்டத்தில் வருகிறவளை அப்படிக் குறுக்கே போய் மறிப்பது லேசான காரியமில்லை. அரை அடி பிந்தினால் மோதல், விசில், ஃபவுல். ஐந்து ஃபவுல் ஆனால் அன்றைக்கு அவளுடைய ஆட்டம் முடிந்தது. வெளியே போய் உட்கார வேண்டியதுதான்.

என் முதல் மேட்ச்சில் ஐந்து தடவை மூன்று பாயிண்ட் போட்டேன். ஜெயித்தோம். அந்தப் பிள்ளைகள் அவ்வளவு காலத்துக்குப் பிறகு ஜெயிக்கிறார்கள். என்னைக் கட்டிப்பிடித்துத் தூக்கினார்கள். சர்ச் கமிட்டிக்காரர்கள் ஆரஞ்சு ஜூஸ் வாங்கித் தந்தார்கள். எல்லோரும் என்னைச் சுற்றி நின்றபோது கள்ளிக்காட்டுக்காரி பெஞ்சில் உட்கார்ந்து முழங்கையில் பஞ்சு வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். ஐந்து ஃபவுலோடு வெளியே வந்திருந்தாள். நான் அதைப் பார்த்தேன். ஜூஸையும் குடித்தேன்.

அடுத்த மேட்ச்சும் ஜெயித்தோம். அதற்கடுத்ததும். லேபுக்கு வந்த ஒரு பெண்மணி, கையை நீட்டிக்கொண்டே, "நிங்கள் பந்து எறியுற ஆளில்லியா? பேப்பர்ல படம் கண்டேன்" என்றார். ஊசி குத்தியதுகூடத் தெரியாமல் பேசிக்கொண்டிருந்தார். அன்று முழுக்க எனக்குக் கால் தரையில் படவில்லை. வெட்கப்பட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்: எனக்கு அது பிடித்திருந்தது.

மூன்றாவது வெற்றிக்குப் பிறகு கோச் என்னைப் போக விடவில்லை. பிள்ளைகள் எல்லோரும் போன பிறகு, மைதானத்துப் படியில் உட்கார வைத்து ஸ்கோர் ஷீட்டை மடியில் விரித்தாள்.

"நீ பதினெட்டு எடுத்திருக்கே. நீ பிடிக்க வேண்டிய ஆளு இருபத்தொண்ணு எடுத்திருக்கா. அந்தப் பிள்ளை மூணு மேட்ச்சிலயும் அஞ்சு ஃபவுல். இதுல எதைக் கூட்டணும், எதைக் கழிக்கணும், நீயே சொல்லு."

"ஜெயிச்சோம் இல்லியா?"

"ஜெயிச்சோம். அதாக்கும் எனக்குப் பயம்."

எனக்குச் சுருக்கென்றது. "பின்னே என்னத்துக்கு என்னைக் கூப்பிட்டே?"

அவள் மூன்று பாயிண்ட் கோட்டைக் கையால் காட்டினாள். "நீ அங்கே நிக்குறதுனால அவங்க ஆளு ஒருத்தி உன்னை விட்டு நகர மாட்டா. உள்ளே நம்ம பிள்ளையளுக்கு இடம் கிடைக்கு. அது உண்டு, நான் இல்லேன்னு சொல்லல்லை. ஆனா இப்போ பந்து கையில வந்தா எல்லாவளும் உன்னைத்தான் தேடுறாளுவ. தானா ஒண்ணும் செய்யதில்லை. தோத்துக்கிட்டு இருந்தப்போ ஒவ்வொண்ணாப் படிச்சாளுவ. இப்போ ஜெயிக்கியோம், ஒண்ணும் படிக்கல்லை."

"காலேஜுல எனக்கு நீ ஹெல்ப் வந்தே இல்லியா? அப்போ யாரும் கணக்குப் பாக்கல்லையே."

"அப்போ நம்ம டீமுல நாலு பேரு நல்லாப் பிடிப்போம். உன்னை மறைச்சு வைக்க இடம் இருந்துது. இங்கே ஆரு இருக்கா? அந்தப் பிள்ளை ஒருத்தி." ஷீட்டை மடித்தாள். "பின்னே, நான் எனக்கு இஷ்டப்பட்டுச் செய்தேன். அவளுக்கு வேற வழி இல்லை."

கல்லூரியில் மூன்று வருஷம் இவள் என் பின்னால் ஓடியிருக்கிறாள். அதை நான் அவளுடைய சுபாவம் என்று நினைத்திருந்தேன். சிலருக்கு ஓடப் பிடிக்கும், சிலருக்கு எறியப் பிடிக்கும் என்று. மறிக்க எனக்குத் தெரியாது என்பதில்லை. எனக்கு மோதப் பயம். ஒரு உடம்பு என்னை நோக்கி வேகமாக வந்தால் என் கால் தானாகப் பின்னால் போகும், கை மட்டும் சும்மா நீளும். இதை அந்தப் படியில் வைத்து அவளிடம் சொல்லியிருக்கலாம். "பாப்போம்" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.

அந்த வருஷம் மாவட்ட அணித் தேர்வுக்கு வேண்டி, கோட்டுகால் பக்கத்தில் ஒரு பள்ளி மைதானத்தில் எங்கள் மேட்ச் ஒன்றைப் பார்க்கத் தேர்வாளர்கள் வந்தார்கள். எனக்கு வயது தாண்டிவிட்டது. என்னைத் தேர்ந்தெடுக்கிற பேச்சே இல்லை. கள்ளிக்காட்டுக்காரிக்குத்தான் அது முக்கியம். மாவட்டத்துக்கு ஆடிய சான்றிதழ் இருந்தால் மேற்படிப்புக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் இடம் கிடைக்கும். அவள் முந்தின நாளே முடியை இறுக்கிப் பின்னி, புது சாக்ஸ் வாங்கி வைத்திருந்தாள்.

கடல் காற்று நன்றாக அடித்தது. அந்தக் காற்றில் யாருக்கும் தூரத்திலிருந்து பந்து விழவில்லை, எனக்கு விழுந்தது. இடைவேளைக்குள் ஐந்து. ஆனால் எதிரணியின் பந்து கொண்டுவருகிற பெண் என்னைக் கண்டுபிடித்துவிட்டாள். திரும்பத் திரும்ப என் பக்கமாகவே வந்தாள். ஒவ்வொரு தடவையும் நான் "ஹெல்ப்" என்று கத்தினேன்; ஒவ்வொரு தடவையும் கள்ளிக்காட்டுக்காரி வந்தாள். இடைவேளையில் அவளுக்கு மூன்று ஃபவுல்.

கோச் என்னைத் தனியாக, தண்ணீர் கேன் வைத்திருந்த மேஜைப் பக்கம் அழைத்தாள்.

"உன்னை வெளியே எடுக்கட்டா? அவளை அவங்க பார்க்கணும். நீ உள்ளே இருந்தா அவ முழுக்க ஆட மாட்டா."

அவளே முடிவெடுத்திருக்கலாம். ஏன் என்னைக் கேட்டாள் என்று பின்னால் எத்தனையோ தடவை அவள்மேல் ஆத்திரப்பட்டிருக்கிறேன். ஜெயிக்க அவளுக்கும் ஆசை இருந்தது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் கேட்டது என்னிடம். பதில் சொன்னது நான்.

"எனக்கு விழுந்துக்கிட்டு இருக்கு இப்போ," என்றேன்.

மூன்றாவது குவார்ட்டர் முடிவதற்குள் அவளுக்கு ஐந்தாவது ஃபவுல். தேர்வாளர்கள் இரண்டு பேரும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து எதையோ எழுதினார்கள். அவள் துண்டை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள். நான் அதற்குப் பிறகும் இரண்டு போட்டேன். இரண்டு பாயிண்டில் ஜெயித்தோம்.

ஒரு வாரம் கழித்துப் பட்டியல் போனில் வந்தது. அவள் பெயர் இல்லை. எங்கள் கிளப்பிலிருந்து ஒருத்தி பெயரும் இல்லை. எல்லோரையும் ஜெயித்த கிளப் நாங்கள்.

அன்று அவள் பயிற்சிக்கு வரமாட்டாள் என்று நினைத்தேன். வந்தாள். வழக்கம்போலப் பந்துகளில் காற்று இருக்கிறதா என்று பார்த்து எடுத்து வைத்தாள். அவள் பக்கத்தில் போய் நின்று, இடைவேளையில் நடந்ததைச் சொல்லத் தொடங்கினேன்.

"அறியாம் சேச்சி, எனக்குத் தெரியும்," என்றாள். "நான் மேஜைக்கு அந்தப் பக்கமாத்தான் குனிஞ்சு நின்னு லேஸ் கெட்டிக்கிட்டு இருந்தேன்."

கேட்டிருக்கிறாள். கேட்டுவிட்டுத்தான் மறுபடி உள்ளே வந்து, நான் கத்தின போதெல்லாம் ஓடி வந்திருக்கிறாள்.

"கோபம் உண்டா மக்கா?"

"உண்டு." பந்தை இரண்டு தடவை தரையில் தட்டினாள். "கோபம் இல்லேன்னு சொன்னா அது பொய்யாக்கும். ஆனா விழுந்துக்கிட்டு இருக்கும்போ ஆரு வெளியே போவா? நானும் போவ மாட்டேன்."

மன்னித்துவிட்டாள் என்று எடுத்துக்கொள்ள எனக்கு ஆசைதான். அப்படி அவள் சொல்லவில்லை.

அன்றைக்கே கோச்சிடம் போய், இனி என்னை ஆரம்பத்தில் இறக்காதே, தேவைப்படும்போது ஐந்து நிமிஷம் போட்டால் போதும் என்றேன். டியூட்டிக்கு முன்னால் காலையில் தனியாகப் போய்ப் பக்கவாட்டில் கால் நகர்த்திப் பழகினேன். மகள் படியில் உட்கார்ந்து, "அம்மா ஞண்டு மாதிரி நடக்குது" என்று சிரித்தாள். நண்டைப்போலத்தான் இருந்திருக்கும். கொஞ்சம் கால் பழகியது, பயம் போகவில்லை.

அதற்குப் பிறகு தொடர்ந்து நான்கு மேட்ச் தோற்றோம். கமிட்டிக்காரர் ஒருவர் கோச்சிடம், "ஜெயிக்கிற ஆளைப் பெஞ்சில இருத்தி வச்சுக்கிட்டுத் தோக்கியதுக்கு எதுக்கு ஒரு டீமு?" என்று என் காது கேட்கவே கேட்டார். கள்ளிக்காட்டுக்காரி நான்கு மேட்ச்சும் கடைசி விசில்வரை ஆடினாள். மற்றப் பிள்ளைகள் என்னைத் தேடாமல், தடுமாறி, தப்பாகப் பந்து போட்டு, சில நேரம் சரியாகவும் போட்டார்கள். பார்க்க நன்றாகவும் இருந்தது, கஷ்டமாகவும் இருந்தது. கடைசி மேட்ச்சில் மூன்று பாயிண்டில்தான் தோற்றோம். நான் எறிந்திருந்தால் ஒரே ஒரு பந்தில் சமமாகியிருக்கும். அந்தக் கணக்கும் மனசுக்குள் ஓடாமலில்லை.

டிகிரி முடிந்ததும் கள்ளிக்காட்டுக்காரி நகரத்தில் ஒரு தனியார் கல்லூரியில், ஒதுக்கீடு இல்லாமலேயே, வேறு பாடத்தில் சேர்ந்தாள். அவள் கேட்ட பாடம் கிடைக்கவில்லை. அங்கே ஒரு கிளப்பில் ஆடுகிறாள் என்று கேள்விப்பட்டோம்.

போன சீசனில் அந்த அணியோடு எங்களுக்கு மேட்ச். இரண்டாவது குவார்ட்டரில் நாங்கள் பின்தங்கியதும் கோச் என்னை இறக்கினாள். முதல் இரண்டு பந்தும் விழுந்தன. மைதானம் கத்தியது. அப்புறம் கள்ளிக்காட்டுக்காரி பந்தை வாங்கிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை, என் காலைப் பார்த்தாள். தாண்டிப் போனாள். அடுத்த தடவையும். வேறு எங்கே போவாள்? எந்தப் பக்கம் கதவு திறந்திருக்கிறது என்று அவளைவிட யாருக்குத் தெரியும்?

மூன்றாவது தடவை என் வாய் தானாகக் கத்தியது. எங்கள் அணியில் புதிதாகச் சேர்ந்த, பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி குறுக்கே ஓடிவந்து மோதி விழுந்தாள். விசில். எழுந்து, முழங்காலைத் தடவிக்கொண்டு, என்னைப் பார்த்து, "சாரமில்ல சேச்சி, பரவாயில்லை" என்றாள்.

நான் கோச்சைப் பார்த்துக் கையைத் தூக்கினேன். என்னை எடு என்று காட்டினேன். அவள் ஒரு கணம் தயங்கினாள், பிறகு மாற்றினாள். ஐந்து பாயிண்டில் தோற்றோம்.

முடிந்ததும் வரிசையாக நின்று கைகொடுத்தபோது கள்ளிக்காட்டுக்காரியின் கை ஈரமாக இருந்தது. "கொச்சு ஸ்கூலுக்குப் போவுதா சேச்சி?" என்று கேட்டாள். போகிறாள் என்றேன். அவளைப் பின்னால் யாரோ கூப்பிட, போனாள்.

கோச் பந்துகளைச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தாள். "நீ உள்ளே இருந்திருந்தா ஒருவேளை..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டாள். பிறகு, "செவ்வாய்க்கிழமை வாறியா?" என்றாள்.

"வாறேன்," என்றேன்.

எத்தனை நிமிஷம் ஆட என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.