மேயருக்கு ஒரு ஓட்டு

அம்பத்தூர் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்த புதிதில் நான் அங்கே இரண்டு ஓட்டுப் போட்டேன். கவுன்சிலருக்கு ஒன்று, மேயருக்கு ஒன்று. பிறகு அண்ணனூரில் வீடு கட்டிக்கொண்டு வந்துவிட்டேன். ஆவடி மாநகராட்சியாகி முதல் தேர்தல் வந்தபோது, எல்லாம் தெரிந்தவன் மாதிரி தெருவுக்கே பாடம் எடுத்தேன். குடியிருப்போர் நலச்சங்கத் தலைவர் வேறு. வாய் சும்மா இருக்குமா?

எங்கள் எதிர்வீட்டு அம்மா, தையல் கடை வைத்திருப்பவர், கவுன்சிலருக்குச் சுயேச்சையாக நின்றார். மழை வந்தால் தெருவில் முழங்கால் தண்ணீர். வடிகாலுக்காக வருஷக்கணக்கில் மனு கொடுத்து அலைந்தவர் அவர்தான். ஆனால் தெருவில் பாதிப் பேர் கட்சிக்காரர்கள், தயங்கினார்கள். நான் வீடு வீடாகப் போய் வழி சொன்னேன்.

"கவுன்சிலர் ஓட்டை இந்தம்மாவுக்குப் போடுங்க. மேயர் ஓட்டை உங்க கட்சிக்குப் போடுங்க. யாருக்கும் மனக்கஷ்டம் வேணாம்."

எல்லோருக்கும் அது பிடித்துப்போனது. தேர்தலன்று காலையில், ஓட்டுப் போட்டுவிட்டு வந்த ஆட்டோக்காரர் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னா தலைவரே, ஒரு மெஷின்தான் கீது. மேயர் ஓட்டு எங்க?"

விசாரித்தேன். மேயரைக் கவுன்சிலர்களே கூடித் தேர்ந்தெடுப்பார்களாம். சட்டத்தை மாற்றியிருக்கிறார்கள், பேப்பரிலும் வந்திருக்கிறது, நான்தான் படிக்கவில்லை. "அப்ப யாருக்குப் போட்டீங்க?" என்றேன்.

"ஒண்ணுதான்னா கட்சிக்குத்தான தலைவரே போட முடியும்?"

அன்று முழுக்க எனக்கு இதே பதில்தான் கிடைத்தது. அந்த அம்மா தோற்றார். எங்கள் தெரு ஓட்டு முழுசாக விழுந்திருந்தாலே ஜெயித்திருப்பார். வெட்கத்தில் ஒரு வாரம் நான் வாசல் பக்கமே நிற்கவில்லை.

அடுத்த சங்கக் கூட்டத்தில் என் தப்பை ஒப்புக்கொள்வதற்குப் பதிலாகக் கோபப்பட்டேன். மேயரை ஜனங்களே தேர்ந்தெடுக்கலாமா என்று ஊரைக் கேட்டா முடிவு செய்தார்கள்? கோட்டையில் உட்கார்ந்து மாற்றி மாற்றிச் சட்டம் போடுகிறார்கள். நேரடித் தேர்தல் வேண்டும் என்று தீர்மானம் போட்டு அரசுக்கு அனுப்புவோம் என்றேன். எல்லோரும் கை தூக்கினார்கள். எதிர்வீட்டு அம்மாவும் தூக்கினார். தூக்கிய கையை இறக்காமலே கேட்டார்.

"தீர்மானம் நல்லாத்தான் கீது சார். நம்ம சங்கத் தலைவரை யாரு தேர்ந்தெடுக்கிறாங்க?"

கமிட்டியில் இருக்கும் ஏழு பேர். எட்டு வருஷமாக அவர்கள் தேர்ந்தெடுத்தது என்னை. அந்த அம்மா சங்கத்தின் விதிகளைப் படித்துவிட்டே வந்திருந்தார்: கூட்டத்தில் முக்கால்வாசிப் பேர் சம்மதித்தால், தலைவரை எல்லோருமே தேர்ந்தெடுக்கும்படி விதியை மாற்றலாம். மாற்றினார்கள். அங்கேயே நோட்டுத் தாளைக் கிழித்து ஆளுக்கொரு சீட்டுக் கொடுத்து, பிஸ்கட் டப்பாவில் போடச் சொன்னார்கள். போட்டி எனக்கும் அவருக்கும்.

எனக்கு மூன்று ஓட்டு விழுந்தது. எங்கள் வீட்டிலிருந்து மட்டும் அன்று நான்கு பேர் போயிருந்தோம்.