ஊசி ஆடிய தண்ணீர்

அந்தப் பாடத்தை நான் போட்டியாக நடத்தியிருக்கக் கூடாது. இன்றைக்கும் என் மேல் எனக்கு வருகிற கோபம் அங்கேதான் தொடங்குகிறது.

நான் திருவிடைமருதூர்ப் பக்கத்துக்காரி. எங்கள் ஊரில் எந்தக் கிணற்றில் வாளியை விட்டாலும் ஒரே தண்ணீர்தான் வரும். ஆசிரியை வேலை கிடைத்ததும் என்னைத் தூக்கிப் போட்ட இடம், காவிரிப் பாசனம் கடைசியாக எட்டும் கடைமடை. அதிராம்பட்டினத்துக்குப் போகும் வழியில், காற்றில் கடல் வாடை அடிக்கும் ஒரு ஊரின் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி. ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை அறிவியல் என் பொறுப்பு.

நான் போய்ச் சேர்ந்தபோது அறுவடைக் கூலித் தகராறு ஓய்ந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. ஊர் முனையில் ஒரு கம்பத்தில் கறுப்பு சிவப்புக் கொடி, இன்னொன்றில் செங்கொடி. தகராறின்போது ரிசர்வ் போலீஸ் எங்கள் பள்ளியில்தான் தங்கியிருந்தது. ஏழாம் வகுப்புச் சுவரில் அவர்கள் சட்டை மாட்ட அடித்த ஆணிகள் அப்படியே இருந்தன. அவற்றில் ஒன்றில் நான் உலகப் படத்தை மாட்டினேன். நில உச்சவரம்பு என்று பட்டணத்தில் முழங்கிக்கொண்டிருந்தார்கள். அந்த ஊர் மிராசுதாரின் நிலம் எந்தெந்தப் பெயரில் பதுங்கியிருக்கிறது என்பது அவர் வீட்டு மாடுகளுக்குக்கூடத் தெரிந்திருந்தது. காலனிக்காரர்கள் அதுவரை அவருடைய பம்புசெட்டில்தான் குடிதண்ணீர் பிடித்துவந்தார்கள். கூலியைக் கூட்டிக் கேட்டதற்குப் பதிலடியாக அவர் கொட்டகையைச் சுற்றி முள்கம்பி போட்டுவிட்டார். காலனிக்கு மிஞ்சியது அங்கே இருந்த உறைக்கிணறு ஒன்றுதான்.

இவ்வளவும் எனக்குத் தெரியும். தெரிந்தும் என் பாடத்துக்கும் இதற்கும் முடிச்சுப் போடத் தோன்றவில்லை.

மின்சாரம் தண்ணீரில் போகுமா என்பது பாடம். புத்தகத்தை வாசித்துவிட்டுப் போகிற ஆள் நானில்லை. மோட்டார் காயில் கட்டும் கடையில் கெஞ்சி வாங்கிய செம்புக் கம்பியை ஒரு தீப்பெட்டி மேல் ஐம்பது சுற்றுச் சுற்றினேன். பழைய ரேடியோவின் காந்தத்தில் தையல் ஊசியைத் தேய்த்து, பட்டு நூலில் கட்டிப் பெட்டிக்குள் தொங்கவிட்டேன். கீழே கட்டம் போட்ட அட்டை. கம்பியில் மின்சாரம் ஓடினால் ஊசி திரும்பும். அதிகம் ஓடினால் அதிகம் திரும்பும். மூன்று பேட்டரிக்கட்டைகளை வரிசையாக இணைத்து, இரண்டு செம்புத் தகடுகளைத் தண்ணீரில் முக்கிப் பார்க்க வேண்டியதுதான். பிள்ளைகள் அதற்கு ஊசிப் பெட்டி என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

"நாளைக்கு எல்லாரும் உங்க உங்க வீட்டுக் கிணத்துத் தண்ணி ஒரு டம்ளர் கொண்டாங்க. யார் தண்ணியில ஊசி அதிகமா ஆடுதுன்னு பார்ப்போம்" என்றேன். புத்திசாலித்தனமாகச் செய்வதாக நினைப்பு.

முதலில் என் வீட்டுத் தண்ணீரை வைத்தேன். நான் பெரிய தெருவில் வாடகைக்கு இருந்தேன்; வீட்டுக்காரர் மிராசுதாருக்குச் சித்தப்பா முறை. ஊசி நான்கு கட்டம் நகர்ந்தது. பெரிய தெருப் பிள்ளைகள் கொண்டுவந்த தண்ணீருக்கும் நான்கு, ஐந்து. கோயில் குளத்துக்கு ஏழு. கடைசியாகக் காலனியிலிருந்து வந்த ஒரு பெண் தன் டம்ளரை நீட்டினாள். தகடுகளை இறக்கியதும் ஊசி துள்ளிப் போய்ப் பத்தொன்பதில் நின்றது. வகுப்பே கை தட்டியது. நானும் தட்டினேன். அதுவரை வகுப்பில் வாய் திறக்காத பெண், பல் தெரியச் சிரித்துக்கொண்டே டம்ளரை எடுத்துப் போனாள். கரும்பலகையில் தெருவும் எண்ணும் சேர்த்து எல்லார் பெயரையும் எழுதினேன், அவள் பெயர் முதலில்.

பெரிய தெருப் பையன் ஒருவனுக்கு அது பொறுக்கவில்லை. மறுநாள் வேறு தண்ணீர் என்று ஒரு டம்ளரைக் கொண்டுவந்தான். ஊசி சுழன்று பெட்டிச் சுவரில் மோதியது. எனக்குச் சந்தேகம் வந்து விரலை நனைத்து நாக்கில் வைத்தேன். வாயே கரித்தது.

"எவ்வளவு உப்பு போட்ட?"

"ஒரு கைப்பிடிதான் டீச்சர்."

எல்லோரும் சிரித்தோம். நல்ல வாய்ப்பு என்று நானும் விளக்கினேன்: தண்ணீரில் உப்பு இருந்தால் மின்சாரம் எளிதாகப் போகும், ஊசியும் அதிகம் ஆடும். சிரிப்பு அடங்கும்போது காலனிப் பெண் எழுந்து நின்றாள்.

"அப்ப எங்க தண்ணியில யாரு டீச்சர் உப்பு போட்டா?"

ஆற்றுத் தண்ணீர் கடைமடைக்குச் சரியாக வராததையும், மண்ணுக்கடியில் நல்ல தண்ணீர் குறையக் குறையக் கடல் உள்ளே ஏறுவதையும், கடலைவிட்டுத் தள்ளிப் போனால் உப்பு குறைவதையும் படம் போட்டுச் சொன்னேன். சரியான விளக்கம்தான். அவள் என் படத்தைப் பார்க்கவில்லை, தன் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மணி அடித்த பிறகு மேசையருகில் வந்தாள். அவள் அம்மா ஏழு மாதக் கர்ப்பம். கால் இரண்டும் வீங்கிப் போயிருந்தது.

"நர்சம்மா உப்பைக் கொறைக்கச் சொன்னாங்க டீச்சர். நாங்க கொழம்புல உப்பே போடுறதில்ல. அப்படியும் வீக்கம் வடியல." பிறகு கேட்டாள்: "உங்க வீட்டுக் கெணத்துலேர்ந்து தெனம் ஒரு கொடம் தண்ணி தர்றீங்களா? புள்ள பொறக்குற வரைக்கும்தான்."

"பார்க்கலாம்" என்றேன்.

பார்க்கவில்லை. காலனிப் பெண் குடத்தோடு பெரிய தெருவுக்குள் வந்தால் வீட்டுக்காரர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். நான் தனியாக இருந்தவள், வேறு வீடு கிடைக்காது. அவள் வர வேண்டாம், நானே கைப்பையில் இரண்டு பாட்டில் எடுத்துப் போயிருக்கலாம், ஒரு ஈ காக்காய்க்குத் தெரிந்திருக்காது. தோன்றவில்லை என்று பல வருடங்கள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். தோன்றியது. பயந்தேன்.

அன்று மாலை தலைமையாசிரியர் கரும்பலகையைப் பார்த்துவிட்டு வந்தார். "இப்பதான் ஊரு அடங்கியிருக்கு. எந்தத் தெரு நல்ல தண்ணி, எந்தத் தெரு உப்புத் தண்ணின்னு எழுதி வச்சா நாளைக்குக் கொடியைத் தூக்கிட்டு வந்து நிப்பாங்க. அழிச்சிடுங்கம்மா." நான் வாதாடியிருக்க வேண்டும். வகுப்பில் பிள்ளைகளிடம் காட்டுகிற முன்கோபம் அவரிடம் வரவில்லை. டஸ்டரை எடுத்து அழித்தேன்.

மறுநாள் அந்தப் பெண் தண்ணீரைப் பற்றிக் கேட்கவில்லை. ஊசிப் பெட்டியைத் தர முடியுமா என்று கேட்டாள். உடனே கொடுத்தேன், பேட்டரிக்கட்டைகளும் தகடுகளும் சேர்த்து. தாராள மனசு என்று எனக்கே பெருமை. அவள் கேட்டது தண்ணீர், நான் கொடுத்தது தீப்பெட்டி.

அதற்கடுத்த வாரம் அவள் தாமதமாக வரத் தொடங்கினாள். முதல் நாள் கால் மணி, பிறகு அரை மணி. பங்குனி வெயில் அப்போதே ஏறியிருந்தது. எவ்வளவு நேரம் தாமதமோ அவ்வளவு நேரம் வெளியே நிற்க வேண்டும் என்பது நான் போட்ட சட்டம். காரணம் கேட்டேன், சொல்லவில்லை. திமிர் என்று நினைத்தேன். வெளியே நிற்க வைத்தேன். வருகைப் பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே தினமும் ஒரு புள்ளி.

பத்து நாள் அப்படிப் போனது. பிறகு வரவேயில்லை. பிள்ளைகளிடம் விசாரித்தேன். "அவங்கம்மாவுக்கு வலிப்பு வந்திருச்சு டீச்சர். மாட்டு வண்டியில போட்டுப் பட்டுக்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிட்டாங்க."

அறிவியல் நோட்டுகள் திருத்துவதற்காக என்னிடம் இருந்தன. அவளுடையதை எடுத்துப் புரட்டினேன். பின்பக்கத்தில் பென்சிலால், தேதி போட்டு, ஒரு பட்டியல். ஒவ்வொரு நாளும் முதல் வரி, "எங்க கிணறு - 19". பேட்டரி தீர்ந்துபோய்ப் பொய் சொல்கிறதா என்று தினமும் பார்த்திருக்கிறாள். இதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. அடுத்த வரியில் இடம், அளவு. வாய்க்கால் குட்டை - 16. வறண்ட ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டி, பாலத்தடி - 14. மதகுக்கு மேலே - 11. பனைமரத்துத் திருப்பம் - 8. கடலைவிட்டுத் தள்ளிப் போகப் போக உப்பு குறையும் என்று நான் படம் போட்டதை அவள் நடந்து பார்த்திருக்கிறாள். கடைசி வரி: "அய்யனார் கோயில் - 6. இன்னும் மேலே பார்க்கணும்."

பதிவேட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு தேதிக்கும் என் புள்ளி இருந்தது. எண் குறையக் குறைய அவள் நடந்த தூரம் கூடியிருக்கிறது, வெயிலில் நின்ற நேரமும் கூடியிருக்கிறது. நோட்டை மூடிவிட்டு அழுதேன்.

அவள் அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதாகத் தெரிந்ததும் காலனிக்குப் போனேன். அந்த ஊரில் அத்தனை நாள் இருந்து அதுதான் முதல் தடவை. குழந்தை தங்கவில்லை. பிரஷர் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். தண்ணீர்தான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். அதைச் சொல்ல ஒரு ஊசிப் பெட்டி போதாது. அந்தத் தண்ணீர் காரணமில்லை என்று சொல்லவும் என்னால் முடியாது.

பாயில் படுத்திருந்த அம்மா என்னைப் பார்த்து எழ முயன்றாள். வேண்டாம் என்று நான் கீழே உட்கார்ந்தேன். அவள்தான் முதலில் பேசினாள்.

"வெயில்ல வந்திருக்கீங்களே டீச்சர். தண்ணி குடிங்க. பயப்படாம குடிங்க, இது நம்ம கெணத்துத் தண்ணியில்ல. பாப்பா ஆத்துலேர்ந்து கொண்டாந்தது."

மூலையில் இருந்த குடத்திலிருந்து மகள்தான் மொண்டு கொடுத்தாள். குடத்தில் பாதிதான் இருந்தது. இரு கையாலும் வாங்கிக் குடித்தேன். துளிக் கரிப்பில்லை. மாடத்தில், விளக்குக்குப் பக்கத்தில், என் தீப்பெட்டி இருந்தது. நான் அதைப் பார்ப்பதை அவள் பார்த்தாள். காலி டம்ளரை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, பாடத்தில் கேள்வி கேட்டால் சொல்வதுபோல நேராக நின்று சொன்னாள்:

"உங்க வீட்டுத் தண்ணி நாலு டீச்சர். இது மூணு."