பசிபிக் கடலும் மாமாவின் ஃபேன் ரெகுலேட்டரும்

பனியன் கம்பெனியில், நூல் தூசி மிதக்கும் தன் ஆபீஸ் அறையில், ஓர் ஆடி மாத மத்தியானம், என் மாமா ஃபேனை ஐந்திலிருந்து இரண்டுக்கு இறக்குவது என்று முடிவெடுத்தார். மாட்டிய நாளிலிருந்து ஐந்திலேயே ஓடிய ஃபேன் அது. மேனேஜர் எழுந்து நின்றுவிட்டார்.

ஃபேனை இறக்கக் காரணம், நான் கொண்டுபோயிருந்த பசிபிக் கடல் வரைபடம் பறந்தது.

அப்போது நான் கடல் வெப்பநிலை பற்றி ஆராய்ச்சி செய்யும் மாணவன். லீவுக்கு வந்தவனை மாமா விடவில்லை. பசிபிக் குளிர்ந்தால் டெல்லியில் குளிர் கூடும் என்று எங்கோ கேட்டிருக்கிறார். கூடுமென்றால் குளிருக்குப் போடும் ஃப்லீஸ் துணி ஓட்ட வேண்டும். இல்லையென்றால் வழக்கமான பனியன். சரக்கு விற்காமல் காதர்பேட்டை மொத்தச் சந்தையில் தேங்கினால் அவருடைய மெஷின்கள் நிற்கும்.

"கடல் என்ன சொல்லுது கண்ணு?"

"கம்ப்யூட்டர் மாடல் வர்ற பத்து வருசமும் குளிர்னு சொல்லுதுங்க மாமா. ஆனா நம்ப முடியாது. அதுல இருக்கற கடலே நெசக் கடல விட ரெண்டு டிகிரி குளிர்ச்சி."

"தப்பு எத்தனைன்னு தெரியுதில்ல? கூட்டிக்கோ. துணி சுருங்கும்னா நாம பெருசா வெட்டறதில்லையா?"

"ஆமாங்க" என்றார் மேனேஜர். அறிவியல் அத்துடன் முடிந்திருக்க வேண்டும்.

"சராசரியத்தான் கூட்டலாங்க மாமா. மாடல்ல குளுந்த தண்ணி மேக்கால ரொம்ப தூரம் நீண்டு கெடக்குது. அதனால, பல வருசத்துக்கு ஒருக்கா கடல் சூடாகிக் குளுர்றதே தப்பான எடத்துல நடக்குது. கூட்டினா அது நகராதுங்க."

எளிமையாகச் சொல்ல நினைத்தேன்.

"அளவு சரியா இருந்தும், துவைச்ச பனியன்ல சைடு தையல் முறுக்கிட்டுத் தொப்புளுக்கு வந்து நிக்குமே... அது மாதிரி."

மேனேஜர் உட்கார்ந்தார். போன மாதம்தான் மாமா அனுப்பிய ஒரு லாட் பனியன் அதே காரணத்துக்காகத் திரும்பி வந்திருந்தது. எனக்குத் தெரியாது.

"ஏனுங்க மேனேஜர், என் தையலப் பத்தி இவங்கிட்ட யாரு சொன்னது?"

"நானில்லீங்க."

"என் தையல் நேராத்தான் இருக்குது. ஃப்லீஸே ஓட்டுங்க."

ரெகுலேட்டர் ஐந்துக்குத் திரும்பியது. பசிபிக் பறந்துபோய் அயர்ன் டேபிளுக்கு அடியில் விழுந்தது.

இப்போது நான் வேலை செய்யும் இடத்தில் ஏசி. வரைபடம் திரையில் வருகிறது, பறப்பதில்லை. புது மாடலில் அந்தக் குளிர்நீர் கொஞ்சம் பின்வாங்கியிருக்கிறது, போய்விடவில்லை. தப்பைச் சொன்னால் எல்லோரும் தலையாட்டிக் குறித்துக்கொள்கிறார்கள். யாரும் ரோஷப்படுவதில்லை... அது ஒரு குறைதான்.

அந்த வருடம் வடக்கே குளிர் சரியாக வரவில்லை. மெஷின்கள் பொங்கல் வரை நின்றன. மாமா வீட்டில் ஜன்னல் திரை, சோபா உறை, கார் கவர் எல்லாம் இன்றும் ஃப்லீஸ்.